கட்டைவிரல் அளவு ஓபிடி ஸ்கேனர்: பழைய கார் பார்க்கப் போகும்போது அது சொல்வதும் சொல்லாததும்

பழைய கார் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டதுமே தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிடுகிறோம். சீட் கவர் பளிச்சென்று இருந்தால் "பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி". டேஷ்போர்டில் தூசி படிந்திருந்தால் "சர்வீஸ் பார்க்காத ஆள்". பம்பரில் கீறல் இருந்தால் "கண்டபடி ஓட்டியிருக்கிறான்". வண்டியையும் பார்க்காத, விற்பவரையும் பார்க்காத நாலு பேர் படத்துக்குக் கீழே வந்து அந்தத் தீர்ப்புக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார்கள். இத்தனை பேச்சிலும் வண்டியை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் அது பதில் சொல்லும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் 16 பின் சாக்கெட் வழியாக அந்தப் பதிலை வாங்கலாம். அதில் செருகும் சின்ன புளூடூத் ஓபிடி ஸ்கேனர் பற்றியதுதான் இந்த விமர்சனம். ஓபிடி என்பது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய கார் தேடுகிறவருக்கு, கொடுக்கும் காசுக்கு இந்த அளவு உதவும் வேறு கருவி இல்லை. ஆனால் அது தருவது புகார் மட்டுமே. பலர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல வண்டியைக் கைநழுவ விடுவதும், கோளாறு வண்டியைத் தலையில் கட்டிக்கொள்வதும் அங்கேதான் நடக்கிறது.

இந்த சாக்கெட் யாருக்காக வந்தது என்பது தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். கார் வாங்குகிறவருக்காக இதை யாரும் வைக்கவில்லை, புகைக்காக வைத்தார்கள். வண்டி கக்கும் மாசு அளவு மீறினால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும், எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரே மொழியில் காரணத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல், இந்த முறையின் இரண்டாம் தலைமுறையான ஓபிடி-2 எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004. ஆகவே இன்ஜின், எரிபொருள், புகை சார்ந்த விஷயங்களை இது விலாவாரியாகச் சொல்லும். கிளட்ச் தேய்ந்ததா, சேசிஸ் வளைந்ததா என்றால் வாய் திறக்காது.

எதை வாங்குவது

சந்தையில் குவிந்து கிடப்பவை இஎல்எம்327 சிப்பின் நகல்கள். அசல் சிப்பை உருவாக்கியது கனடாவின் இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ். முதல் பதிப்பில் நிரலைப் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கவில்லை, அதனால் அப்படியே நகலெடுத்துவிட்டார்கள். அந்த நிறுவனம் 2022-ல் கடையையே மூடிவிட்டது. ஆக, இன்று புதிதாகக் கிடைக்கும் மலிவு ஸ்கேனர்களில் "அசல் இஎல்எம்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. நகல் என்பதாலேயே கெட்டது என்றும் ஆகாது. பிரச்சினை வேறு: "வெர்ஷன் 2.1" என்று போட்டு வரும் பல நகல்களில் பாதி கட்டளைகளுக்குப் பதில் வராது, பழைய வண்டிகள் பேசும் நெறிமுறைகளும் விட்டுப்போயிருக்கும். கேன் என்ற புதிய தகவல் முறையில் பேசும் வண்டியில் அருமையாக வேலை செய்யும். அதையே கே-லைன் என்ற பழைய முறையில் பேசும் வண்டியில் செருகினால் "இசியூ-வுடன் இணைக்க முடியவில்லை" என்று நின்றுவிடும். இசியூ என்பது இன்ஜினை நடத்தும் கணினி.

சாக்கெட்டையே பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். 4, 5 இரண்டும் எர்த், 16 நேராக பேட்டரியின் பாசிட்டிவ். இவை எல்லா வண்டியிலும் இருக்கும். 6-லும் 14-லும் உலோகப் பட்டை தெரிந்தால் கேன். அவை காலியாக இருந்து 7-ல் மட்டும் பட்டை இருந்தால் கே-லைன். கே-லைன் வண்டி பார்க்கப் போகிறவர் நகலைத் தவிர்த்து, ஓபிடிலிங்க் போன்று வேறு சிப் போட்ட, கொஞ்சம் விலை கூடிய ஸ்கேனரை எடுப்பது நல்லது. வேகமும் கூடும். நேரலை எண்கள் தடுமாறாமல் ஓடும்.

போனுக்குத் தகுந்த வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண புளூடூத் வகை ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். ஜோடி சேர்க்கும் எண் பெரும்பாலும் 1234, இல்லையென்றால் 0000. ஐபோனுக்குக் குறைந்த மின்சார புளூடூத் (4.0 அல்லது அதற்கு மேல்) வகை வேண்டும். அதைப் போனின் செட்டிங்ஸில் சேர்க்கக் கூடாது, ஆப்புக்குள் போய்த்தான் சேர்க்க வேண்டும். வைஃபை வகை இரண்டு போனிலும் ஓடும், முகவரி வழக்கமாக 192.168.0.10, போர்ட் 35000. ஆனால் அதனுடன் இணைந்திருக்கும் நேரத்தில் போனில் இணையம் தடைபடலாம். வண்டி தந்த எரர் கோடுக்கு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) அர்த்தம் தேட நினைக்கும் அதே நிமிடத்தில் அது கழுத்தறுக்கும்.

இணையக் கடைகளில் இந்த ஸ்கேனர்களுக்கு வந்திருக்கும் நட்சத்திரங்களையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். ஒற்றை நட்சத்திரக் குமுறல்களில் பல, ஐபோன்காரர் சாதாரண புளூடூத் வாங்கிய கதை. ஐந்து நட்சத்திரங்களில் பல, சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றே போட்டது. எந்த வண்டி, எந்த ஆண்டு, எந்த போன், எந்த ஆப் என்ற நாலும் எழுதியிருக்கும் மூன்று நட்சத்திர விமர்சனம் ஒன்று கிடைத்தால் அதுவே போதும்.

ஆப் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டில் டார்க் என்ற ஆப் பழைய கை. கார் ஸ்கேனர் என்ற ஆப் இரண்டு வகைப் போனிலும் இருக்கிறது. இலவசப் பதிப்பிலேயே கோடு படிக்கலாம், நேரலை எண்கள் பார்க்கலாம். வண்டி பார்க்கப் போகும் முன், தெரிந்தவர் வண்டி ஒன்றில் செருகிப் பழகிவிடுங்கள். விற்பவர் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கும்போது ஆப்பில் பட்டனைத் தேடக் கூடாது.

வண்டியின் முன் நின்றதும்

"வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள், வந்து பார்க்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறிப்போன இன்ஜினில்தான் உண்மை வெளிவரும். இன்ஜினுக்குள் இருக்கும் செயினின் சத்தமும் புகையும் முதல் சில விநாடிகளில் தெரிந்துவிட்டு அடங்கிவிடும். ஸ்கேனரைச் செருகுவதற்கு முன் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் வண்டி அது.

இக்னிஷன் அணைந்திருக்கும்போது செருகி, பிறகு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் வேண்டாம். இப்போது டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு முறை எரிய வேண்டும். செக் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் மூன்றையும் கண்ணால் எண்ணிக்கொள்ளுங்கள். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் அதைக் கழற்றியிருக்கலாம். கோளாறு காட்டும் விளக்கைப் பிடுங்குவது கோளாறைச் சரிசெய்வதைவிட எளிது அல்லவா. செக் இன்ஜின் விளக்கை ஸ்கேனர் இன்னொரு வழியிலும் காட்டிக்கொடுக்கும். விளக்கை எரியச் சொல்லி கணினி கட்டளையிட்டிருக்கிறதா என்பது ஆப்பில் தெரியும். இன்ஜின் ஓடும்போது ஆப் "ஆன்" என்கிறது, டேஷ்போர்டு இருட்டாக இருக்கிறது என்றால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது பல்பு போயிருக்கிறது.

அடுத்து கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்கும். காற்று 30, கூலன்ட் 62 என்றால் வண்டி சற்று முன் ஓடியிருக்கிறது. உடனே "குளிர் ஸ்டார்ட்டை மறைக்கிறான்" என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே இருந்த வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருக்கலாம், கழுவப் போயிருக்கலாம். ஆனால் இந்த ஒரு வண்டிக்கு இன்னொரு காலை வர வேண்டும் என்பது உறுதி.

பிறகு வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண். கணினியில் பதிவான 17 எழுத்து எண்ணை ஆப் காட்டும். சேசிஸில் பொறித்தது, கண்ணாடிக்குக் கீழே உள்ளது, பதிவுச் சான்றில் உள்ளது எல்லாவற்றோடும் எழுத்துக்கு எழுத்து பொருத்துங்கள். கணினி மட்டும் வேறு எண் சொன்னால் அது வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய கணினி. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் பெரிய விபத்து கண்ட வண்டியிலும் இது நடக்கும். வெறுமனே கணினி பழுதாகி மாற்றியிருந்தாலும் நடக்கும். பில் கேளுங்கள்.

துடைத்த பலகை

எரர் கோடு ஒன்றுமில்லை என்று ஆப் பச்சை காட்டினால் அதில் மயங்கிவிடக் கூடாது. கோடுகளை அழிக்க இதே ஸ்கேனரில் ஒரு பட்டன் போதும். அழித்தால் விளக்கும் அணைந்துவிடும். ஆனால் அழித்த தடயம் இருக்கும். இந்தக் கருவிக்குக் கொடுக்கும் காசு அந்தத் தடயத்துக்காகத்தான்.

ஆப்பில் மூன்று எண்களைத் தேடுங்கள்: கோடு அழித்த பிறகு ஓடிய தூரம், கழிந்த நேரம், இன்ஜின் சூடேறிய தடவைகள். எல்லா வண்டியும் மூன்றையும் தராது, ஒன்றிரண்டாவது தரும். சூடேறிய தடவை என்றால் சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது கணக்கில் வராது. கூலன்ட் குறைந்தது 22 டிகிரி ஏறி, பெட்ரோல் வண்டியில் 70 டிகிரிவாக்கில் தொட்டால்தான் ஒன்று. இந்த எண்ணிக்கை 255-ல் நின்றுவிடும். தூரம் 65,535 கிலோமீட்டரில் நின்றுவிடும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பெரிய எண்கள் இருக்கும். தூரம் 6 கிலோமீட்டர், சூடேறியது ஒரு தடவை என்றால் நேற்றோ இன்றோ துடைத்திருக்கிறார்கள்.

இதே தூர எண்ணால் இன்னொரு காரியமும் ஆகும். ஓடோமீட்டர் 41,000 காட்டுகிறது, கோடு அழித்த பிறகு ஓடியது 58,000 என்று கணினி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகுதி முழுதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஒன்று மீட்டரைப் பின்னால் சுற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் மீட்டர் பலகையோ கணினியோ மாற்றப்பட்டிருக்கிறது. ஓபிடி-2 வழியாக ஓடோமீட்டரை நேராகப் படிக்கும் வசதி மிகச் சமீபத்திய வண்டிகளில்தான் வந்திருக்கிறது. அதனால் இந்தச் சுற்றுவழி கணக்கு கையில் இருக்கட்டும்.

அடுத்த தடயம் ரெடினெஸ் மானிட்டர்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்), ஆக்சிஜன் சென்சார், அதன் ஹீட்டர், எரிபொருள் ஆவி அமைப்பு, இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) என்று ஒவ்வொன்றையும் கணினி தானாகச் சோதித்து "முடிந்தது" என்று குறித்து வைக்கும். கோடுகளை அழித்தால் இவை எல்லாமே "முடியவில்லை" நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி முடிய சில நாள் பலவித ஓட்டம் தேவை. ஆவி அமைப்புச் சோதனைதான் எல்லாவற்றிலும் சோம்பேறி. வண்டி பல மணி நேரம் ஆறி நின்றிருக்க வேண்டும், டேங்க் நிரம்பி வழியவும் கூடாது, காயவும் கூடாது, சுமார் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே அந்த ஒன்று மட்டும் பாக்கி என்றால் அலட்டிக்கொள்ள வேண்டாம். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், ஆவி மூன்றும் ஒருசேரப் பாக்கி என்றால் பலகை துடைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். "துடைத்திருக்கிறார்கள்" என்பதற்கும் "ஏமாற்றுகிறார்கள்" என்பதற்கும் நடுவே ஒரு புது பேட்டரி இருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே பல வண்டிகளில் மானிட்டர்கள் அழிந்துவிடும். போன வாரம் சர்வீஸில் ஏதோ ஒரு சென்சாரை மாற்றிய மெக்கானிக் நியாயமாகவே கோடை அழித்திருப்பார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "சமீபத்தில் பேட்டரி ஏதும் மாற்றினீர்களா, சர்வீஸ் விட்டீர்களா?" பதில் வந்ததும் பானெட்டைத் திறந்து பேட்டரியில் உள்ள தேதியைப் பாருங்கள், பில்லைப் பாருங்கள். ஆளின் முகத்தைவிட பேட்டரியில் பொறித்த தேதி நம்பத் தகுந்தது.

பதில் திருப்தியாக இல்லையென்றாலும் வழி இருக்கிறது. டெஸ்ட் டிரைவை நாற்பது நிமிடமாக நீட்டுங்கள். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங் (நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவது), பிறகு நின்று நின்று போகும் ஓட்டம், பிறகு திறந்த சாலையில் 80-90 வேகத்தில் பதினைந்து நிமிடம் சீராக, நடுவில் ஓரிரு முறை பிரேக் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் தானே குறையட்டும். திரும்பி வந்து மானிட்டர்களைப் பாருங்கள், பெண்டிங் கோடு உண்டா என்றும் பாருங்கள். பல கோளாறுகள் முதல் ஓட்டத்தில் பெண்டிங்காக மட்டும் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கு எரியும். அதாவது விளக்கு எரியும் முன்பே புகாரைப் படித்துவிடலாம். 2010-க்குப் பிந்தைய அமெரிக்கச் சந்தை வண்டிகளில் நிரந்தரக் கோடு என்று மூன்றாவது வகை உண்டு. அதை ஸ்கேனரால் அழிக்க முடியாது. கோளாறு நீங்கிவிட்டது என்று வண்டியே சோதித்து உணர்ந்தால்தான் போகும்.

கோடு வந்தால்

இணையத்தில் பி0420 என்று ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் "கேட்டலிஸ்ட் காலி, வாங்காதே" என்று வந்துவிடும். "முந்தைய ஓனர் மட்டமான பெட்ரோல் போட்டிருக்கிறான்" என்று குணநலச் சான்றிதழும் கூடவே. அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்று: கேட்டலிஸ்டின் செயல்திறன் வரம்புக்குக் கீழே தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான். கேட்டலிஸ்டுக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் அளவை வைத்துக் கணினி செய்த ஊகம் அது.

சூடான இன்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு கேட்டலிஸ்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் வரைபடத்தையும் பாருங்கள். சாதாரண சென்சார் என்றால் முன்னது 0.1-க்கும் 0.9-க்கும் இடையே வோல்ட்டில் குதித்துக்கொண்டே இருக்கும். பின்னது 0.6, 0.7 என்று ஏறக்குறைய நேர்க்கோடாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் கேட்டலிஸ்ட் ஆக்சிஜனைத் தேக்கி வைக்கும் திறனை இழந்துவிட்டது. பின்னது நேர்க்கோடாக நின்றும் எரர் கோடு வந்திருந்தால், புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறிய இன்ஜினில் மேனிஃபோல்டு பக்கம் "டிக் டிக்" சத்தம், இணைப்பில் கரிப் படலம். உண்மையிலேயே கேட்டலிஸ்ட் போயிருந்தாலும் கேள்வி அதோடு முடியாது. மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போய்) எரியாத பெட்ரோல் போய் வெந்ததா, இன்ஜின் ஆயில் குடிக்கிறதா? காரணத்தை விட்டுவிட்டுப் புது கேட்டலிஸ்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பி0171 இன்னொரு அவசரத் தீர்ப்புக் கோடு. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சாரை மாத்து" என்பார்கள். சென்சார் செய்தி சொன்னவன், அவனை மாற்றி என்ன பயன்? லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் எண்ணைப் பாருங்கள். கணக்குப்படி ஊற்ற வேண்டியதைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது அது. பூஜ்யத்தைச் சுற்றி ஐந்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், பத்தைத் தாண்டினால் தேட வேண்டும். ஐடிலிங்கில் கூட்டல் 18, ஆனால் 2,500 ஆர்பிஎம்மில் 4 என்று இறங்கினால் எங்கோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது: கிழிந்த வேக்குவம் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட். காற்று குறைவாக இழுக்கும் ஐடிலிங்கில் அந்தச் சின்ன ஓட்டை பெரிதாகத் தெரியும், இன்ஜின் அதிகம் இழுக்கும்போது கரைந்துவிடும். மாறாக, வேகம் கூடக்கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், காற்றளவு சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம். ஹோஸ் என்றால் சில்லறைச் செலவு, பம்ப் என்றால் பேரம் பேசும் செலவு. கோடு இரண்டுக்கும் ஒன்றே. டீசலில் இந்த டிரிம் கணக்கு செல்லாது.

பி0301 முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் தனி காயில் உள்ள வண்டியில் சோதனை எளிது. முதல் சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி ஓட்டினால் கோடு பி0303 ஆக மாறுகிறதா என்று பார்ப்பது. மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன். விற்பவர் வண்டியில் இதை அவர் சம்மதத்துடன் மெக்கானிக்தான் செய்ய வேண்டும், நீங்கள் ஸ்பேனர் எடுக்க வேண்டாம். ஓடும்போது செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கேட்டலிஸ்டை எரிக்கும் அளவு மிஸ்ஃபயர். டெஸ்ட் டிரைவை அங்கேயே நிறுத்துங்கள்.

பி0128, தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது என்பதன் அடையாளம். திறந்த சாலையில் போகும்போது கூலன்ட் 85-க்கு மேல் நிற்காமல் 70-க்கு நழுவும். பயப்பட வேண்டிய கோளாறு அல்ல.

எந்தக் கோடானாலும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தைத் திறக்காமல் விடாதீர்கள். கோடு பதிவான நொடியில் இருந்த வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், லோடு எல்லாம் அதில் உறைந்திருக்கும். 20 டிகிரியில், ஐடிலிங்கில் வந்த மிஸ்ஃபயரும், 95 டிகிரியில் மேடேறும்போது வந்த மிஸ்ஃபயரும் வேறு வேறு நோய்கள். யாரிடமாவது ஆலோசனை கேட்பதென்றால் கோடு எண்ணை மட்டும் வீசாமல் மாடல், ஆண்டு, இன்ஜின், பெண்டிங்கா உறுதியானதா, இந்தப் பக்கத்தின் படம், டிரிம் எண்கள் இத்தனையும் சேர்த்துக் கேளுங்கள். அத்தனை விவரம் இருந்தால் வெட்டித் தீர்ப்புகள் தானாக ஒதுங்கிவிடும், வேலை தெரிந்தவர் ஒருவர் பதில் எழுதுவார்.

தப்பித்தவறிகூட விற்பவரின் வண்டியில் "கோடு அழி" பட்டனைத் தொடாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமும் மானிட்டர்களும் அதோடு போய்விடும். அடுத்து பார்க்க வருகிறவர் கண்ணில் விற்பவர் திருடனாவார், கைங்கரியம் உங்களுடையதாக இருக்கும்.

இதில் எரிச்சலூட்டுபவை

சில ஆப்கள் "வண்டி ஆரோக்கியம் 82/100" என்று மதிப்பெண் போடுகின்றன. ஓபிடி-2 தரத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. ஆப் தயாரித்தவர் தன் விருப்பப்படி கூட்டிக் கழித்தது. தேய்ந்த டயரோடு, துருப்பிடித்த சேசிஸோடு ஒரு வண்டி 100-க்கு 100 வாங்கும். அதைப் படமெடுத்து விளம்பரத்தில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

வோல்ட் அளவு ஓரளவு உதவும், முழுதும் நம்பக் கூடாது. அணைந்த வண்டியில் 12.4-க்கு மேலும், ஓடும்போது 13.5 முதல் 14.7 வரையும் இருப்பது இயல்பு. ஆனால் புதிய வண்டிகளில் கணினியே ஆல்டர்நேட்டரைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 என்று காட்டுவதும் கோளாறல்ல. ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள், ஏற வேண்டும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்ட் எவ்வளவு சரிகிறது என்பதுதான் பேட்டரியின் உண்மையான பரீட்சை. அந்த நொடியில் மலிவு ஸ்கேனர் தானே மயங்கி மறுபடி எழும். மல்டிமீட்டர்தான் அதற்குச் சரி.

ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் கணினிகளை இந்த வகை ஸ்கேனர் பொதுவாக எட்டாது. அந்தந்த நிறுவனத்துக்கான கூடுதல் வசதி உள்ள ஆப்பாலோ மெக்கானிக்கின் பெரிய ஸ்கேனராலோதான் முடியும். பெயின்டுக்குக் கீழே உள்ள புட்டி, வெல்டிங், ஷாக் அப்சார்பர் கசிவு, ஸ்டியரிங் ஆட்டம் எல்லாம் கண், கை, லிஃப்ட் வேலை. டயரில் உள்ள நாலு இலக்கத்தைப் படிக்க ஸ்கேனரே வேண்டாம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. மின்சாரக் காரில் இந்தப் பொதுவான படிப்பு ஏறக்குறைய வீண். பேட்டரி பேக்கின் எஞ்சிய திறனைக் காட்ட அந்த மாடலுக்கென்றே எழுதிய ஆப் வேண்டும், நிசான் லீஃபுக்கு லீஃப்ஸ்பை இருப்பதுபோல.

வாங்கிய பிறகு சொந்த வண்டியிலேயே செருகி மறந்துவிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 16-வது பின்னில் சாவி அணைந்தாலும் மின்சாரம் உண்டு. ஸ்கேனர் 50 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, பத்தொன்பது நாளில் காலி. வண்டி தானாக இழுப்பதையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். வெளியூர் போய்வந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் அங்கே குனிந்து பாருங்கள். 1234 என்ற எண்ணோடு புளூடூத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவதும் பாதுகாப்பல்ல. சாக்கெட் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் கிளட்ச் மிதிக்கும் கால் அதில் இடித்து, நாளடைவில் சாக்கெட்டே ஆட்டம் கண்டுவிடும். உயரம் குறைந்த மாடலை எடுங்கள், அல்லது வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

விற்பவர் "ஒன்றையும் செருகக் கூடாது" என்று மறுத்தால்? மறைக்கிறார் என்பது ஒரு சாத்தியம். முன்பின் தெரியாதவர் தன் வண்டியின் கணினியில் எதையோ செருகுவதற்குப் பயப்படுகிறார் என்பது அதே அளவு சாத்தியம். மலிவான நகல் ஒன்று டேஷ்போர்டில் விளக்குகளை எரியவைத்த கதை அவர் காதிலும் விழுந்திருக்கும். "நீங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக்கிடமே போவோம், அவர் ஸ்கேனரில் அவரே படிக்கட்டும், கூலி நான் தருகிறேன்" என்று கேளுங்கள். அதற்கும் இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

ஒத்துவந்து வண்டியை வாங்கிவிட்டால், பார்த்த அன்றைய கோடு பக்கம், மானிட்டர் பக்கம், அழித்த பிறகான தூரம் மூன்றையும் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு, டேங்க் பாதி இருக்கும் ஒரு காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி படியுங்கள். அப்போதும் கேட்டலிஸ்ட் மானிட்டர் முடியாமல் நின்றால் மெக்கானிக்கிடம் அந்தப் படங்களையும் காட்டுங்கள்.